பொது அண்டாவில் வெந்த ஓக் மரம்

வங்காளத்துப் பவானிபூரில் குடியேறியிருந்த எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு பித்தளை அண்டா இருந்தது. நூறு பேருக்கு அதில் ரசம் வைக்கலாம். எல்லோருமாகச் சேர்ந்து கும்பகோணத்திலிருந்து ரயிலில் வரவழைத்தது அது. அதை எவர் வீட்டில் வைப்பது என்பது எங்களுக்குள் ஒரு மரியாதைக்குரிய விஷயம். ஆசாரத்தில் குறை சொல்ல இயலாதவர் என்று பெயரெடுத்தவர் வீட்டில்தான் அது இருக்கும். நான் எழுதப்போகும் ஆண்டில் அது என் வீட்டில் இருந்தது. அவ்வாண்டு நான் அதில் என்ன செய்தேன் என்பதையும், அதன் பொருட்டு ஒரு சமையற்காரர் பொய்யர் என்ற பெயருடன் இந்நகரை விட்டுப் போனதையும், எண்பதை நெருங்கும் இவ்வயதில் மறைக்காமல் எழுதத் துணிகிறேன்.

மின்சார டிராம் கிதிர்பூர் வரை ஓடத் தொடங்கிய புதிது. நான் கார்டன் ரீச்சில், ஆற்றங்கரையில் இருந்த ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் சரக்கறைக் குமாஸ்தாவாக இருந்தேன். பள்ளியில் நான் கற்றது சொற்பம். எஞ்சிய ஆங்கிலத்தைப் பழைய அலுவலகக் கடிதங்களைப் பிரதியெடுத்தே கற்றுக்கொண்டேன். சரக்கறைக்குப் பெரிய பாபுவாக இருந்த வங்காளி முதியவர் அவ்வாண்டு ஓய்வு பெறவிருந்தார். அந்த நாற்காலிக்குப் பரீட்சை தேறியவர்கள் இருவர் காத்திருந்தனர். எனக்குத் துரையின் தயவைத் தவிர வேறு தகுதி இல்லை.

எங்கள் துரை இளமையில் கப்பலில் சென்று மேற்கிந்தியத் தீவுகளில் சில காலம் வாழ்ந்தவர். அங்கே கற்ற ஒரு வித்தையை இங்கும் விடாது நடத்திவந்தார். ஜோலா குட் என்று வங்காளிகள் கூறும் இளகிய வெல்லப்பாகை நீரில் கரைத்துப் புளிக்கவைத்து, பங்களாவின் பின்னறையில் ஒரு செப்புக் கலத்தில் வடித்து, வீட்டிலேயே ரம் செய்வார். அது சட்டத்துக்கு விரோதம் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் என்னைத் தம் அறைக்கு அழைத்தார்.

“பாபு, உமக்கு மரம் தெரியுமா?”

“இருப்புப் புத்தகத்தில் தெரியும் ஐயா.”

அவர் உரக்கச் சிரித்தார். பிறகு விளக்கினார். புதிதாக வடித்த சாராயம் தண்ணீர்போல் நிறமற்று, நாவை அறுக்கும். ஓக் மரத்தோடு மாதக்கணக்கில் கிடந்தால்தான் அதற்குப் பொன்னிறமும் மென்மையும் வரும். சிறு பீப்பாய் ஒன்றும் அவரிடம் இல்லை. ஆகவே பழைய பீப்பாயின் பலகைகளை விரல் பருமனுள்ள குச்சிகளாக அறுத்து, அவற்றைப் பக்குவப்படுத்திக் கண்ணாடி ஜாடிகளில் போட எண்ணினார். மேற்புறத்தை இழைக்க வேண்டும். மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். பிறகு துவர்ப்பு இறங்கும் வரை வேகவைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, கடைசியில் தணலில் வாட்ட வேண்டும். துரைசானி இதை அடியோடு வெறுத்ததால் பங்களாவில் செய்ய இயலாது.

“சரக்கறைச் சுவரோரம் பிராந்தி வந்த பீப்பாய் ஒன்று கிடக்கிறது. அதை எடுத்துக்கொள்ளும். உம்மை நான் மறக்க மாட்டேன்” என்றார்.

கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது. மதுவைத் தொடுவதுதானே பாவம், மரத்தைத் தொடுவதில் என்ன இருக்கிறது என்று டிராமில் திரும்பும்போதே எனக்கு நானே வாதாடித் தீர்ப்பும் வழங்கிக்கொண்டேன்.

என் மனைவி அப்போது தலைப்பிரசவத்துக்காகத் தஞ்சாவூரில் தன் தாய்வீட்டில் இருந்தாள். கீழ்த்தளத்தில் நான் தனியே குடியிருந்தேன். மேல்தளத்தில் வீட்டுக்காரரான வங்காளிக் குடும்பம்.

சுவரோரம் பீப்பாய்கள் இரண்டு கிடந்தன. இரண்டும் ஓக் மரமே, இரண்டிலும் மூடி இல்லை. ஒன்றின் இரும்பு வளையம் கழன்று பலகைகள் தாமே பிரிந்திருந்தன. எளிதாக இருந்ததை எடுத்தேன். பட்டறை மிஸ்திரி ஒருவர் அதை அறுத்து இழைத்துக் கட்டாகக் கட்டித் தந்தார்.

முதலில் ஓர் இரும்புச் சட்டியில் ஒரு கைப்பிடி குச்சிகளை வேகவைத்தேன். தண்ணீர் கறுத்துவிட்டது. சாதாரணக் கறுப்பன்று; நான் நாள்தோறும் பேனா தோய்க்கும் மைக்கறுப்பு. துரையிடம் சொன்னேன். ஓக்கின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான் ஆகும், ஈயம் பூசிய பித்தளையிலோ செம்பிலோ வேகவைக்க வேண்டும் என்றார்.

என் வீட்டில் ஈயம் பூசிய பெரிய பாத்திரம் ஒன்றுதான் இருந்தது.

அது என் வீட்டுக்கு வந்த நாளை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் விசேஷங்களுக்கெல்லாம் சமைத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மெலிந்த உடல், எடுப்பான மூக்கு. எந்நேரமும் ஈரத்துண்டும் விபூதியுமாக இருப்பார். ராம நவமி நெருங்குகிறதென்று மாசி மாதத்திலேயே ஈயக்காரனை வைத்துத் தம் கண்ணெதிரே அண்டாவுக்குப் புதிதாக ஈயம் பூசச் செய்து, கூலியாள் தலையில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தார்.

“உள்ள பாருங்கோ அண்ணா, கண்ணாடியா இருக்கு” என்றார்.

இருவரும் குனிந்து பார்த்தோம். வெள்ளிபோன்ற அடியில் எங்கள் இரு முகங்களும் கோணலாகத் தெரிந்தன.

“ஓய், உம்ம மூக்கு இதிலே இன்னும் பெரிசாத் தெரியறது” என்றேன்.

“அது சமையக்காரன் மூக்கு அண்ணா. உப்புக் குறைஞ்சா வாசனையிலேயே சொல்லும். உங்க மூக்கு ஆபீஸ் மூக்கு, மைதான் தெரியும்” என்று சிரித்தார். பிறகு அண்டாவின் வாயை வேட்டித் துணியால் மூடி, கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டுக் கட்டிவிட்டுப் போனார்.

அந்த முடிச்சை நான் அவிழ்த்தேன். அவிழ்க்கும்போதே, திரும்பக் கட்ட வேண்டும் என்பதற்காக அது எவ்வாறு போடப்பட்டிருக்கிறது என்று கவனித்துக்கொண்டேன். என் மனம் அப்போதே என்ன நிலையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஞாயிறு காலை முற்றத்தில் கரியடுப்பு மூட்டி வேகவைத்தேன். தண்ணீர் தேநீர் நிறமாயிற்று. கொட்டிவிட்டு மீண்டும் வேகவைத்தேன். ஒருவகை நாற்றம் எழுந்தது. கெட்டுப்போன நெய்யைக் காய்ச்சியது போலவும், அதில் உப்பு வாடை கலந்தது போலவும் இருந்தது. சீமை மரத்தின் இயல்பு இதுவே போலும் என்று நான் முடிவு செய்தேன். பிறந்தது முதல் புலால் மணமறியாத வீடுகளில் வளர்ந்தவனுக்கு வேறு எந்த முடிவு தோன்றும்?

மேல்தளத்துச் சன்னலிலிருந்து வீட்டுக்காரர் மனைவி எட்டிப்பார்த்தாள்.

“தாதா, ஆஜ் கீ ரான்னா ஹொச்சே? மாங்ஷோ?” என்றாள். அண்ணா, இன்று என்ன சமையல், இறைச்சியா என்று கேட்கிறாள்.

எனக்குக் காதுவரை சூடேறியது. “கஷாயம், பௌதி, கஷாயம்! மூட்டு வலிக்கு” என்றேன் கடுமையாக. அண்ணியை அவர்கள் பௌதி என்பார்கள்.

“ஆஹா, மதராஸிக் கஷாயமே இப்படி மணக்கிறதென்றால் எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்புங்கள்” என்று அவள் தன் மொழியில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் உள்ளே போன பின்பும் அந்தச் சிரிப்பு எனக்கு அவமதிப்பாகவே பட்டது. உண்மையில் அவள் மூக்கு சரியாகச் சொல்லியிருந்தது.

குச்சிகளைப் பத்து நாள் மொட்டைமாடியில் உலர்த்தி, துணியில் கட்டித் துரையிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றை எடுத்து முகர்ந்தார். இன்னொன்றை முகர்ந்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“பாபு! பாபு! எனக்கு மாட்டு ரசமா வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்?”

நான் எடுத்தது கப்பல் மாலுமிகளுக்காக உப்பிட்ட மாட்டிறைச்சி அடைத்து வந்த பீப்பாய். பிராந்திப் பீப்பாய் அதன் பக்கத்தில் முழுதாக நின்றது. அவர் கோபிக்கவில்லை. வண்ணான் துணி வேகவைக்கும் செப்புக் கொப்பரை ஒன்று துரைசானி எட்டிப்பார்க்காத தம் கொட்டகையில் இருப்பதாகவும், இம்முறை அதில் செய்யலாம் என்றும் சொன்னார். அதை முதலிலேயே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

அன்று வீடு திரும்பியவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அண்டாவை முற்றத்துக்கு உருட்டினேன். புளி, சாம்பல், செங்கற்பொடி, தேங்காய் நார் ஆகியவற்றைக் கொண்டு தேய்த்தேன். ஏழு முறை தேய்த்துக் கழுவியும் மனம் ஆறவில்லை. காளிகட்டத்துக்குப் போய்க் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, மறுநாள் மீண்டும் தேய்த்தேன். தீட்டு என் கண்ணுக்குத் தெரியாத பொருளாகையால் எப்போது நிறுத்துவதென்றும் தெரியவில்லை. கை சிவந்து தோல் உரிந்த பிறகு நிறுத்தினேன்.

அப்போதுதான் அடியைப் பார்த்தேன். முகம் தெரிந்த வெள்ளைப் பரப்பில் திட்டுத் திட்டாகப் பித்தளை மஞ்சள் தெரிந்தது. நான் தேய்த்து எடுத்தது தீட்டையன்று, ஈயத்தை.

ஈயம் போன பித்தளையில் புளி சேர்ந்தால் களிம்பேறி நஞ்சாகும் என்பதை எங்கள் வீடுகளில் அறியாதவர் எவருமில்லை. நானும் அறிவேன். மறுநாள் காலையில் அதே ஈயக்காரன், “கலாய்! கலாய்!” என்று கூவிக்கொண்டு எங்கள் தெருவில் வந்தான். நான் எழுந்து கதவருகே போனேன். அழைத்தால் அவன் பாத்திரத்தை அடையாளம் கண்டுகொள்வான். போன மாதந்தானே பூசினேன், என்ன செய்தீர்கள் என்று கேட்பான். சமையற்காரரிடமும் சொல்வான். கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன். குரல் தெருக்கோடி வரை சென்று தேய்ந்தது. அவ்வாரமே அவன் ஹோலிக்காகத் தன் ஊருக்குப் போய்விட்டான் என்று பின்னர் கேள்விப்பட்டேன். சமையற்காரர் எப்படியும் பார்த்துவிடுவார் என்று என்னைத் தேற்றிக்கொண்டு, துணியை மூடி, அவருடைய இரட்டை முடிச்சைப் போலவே கட்டினேன்.

பிராந்திப் பீப்பாயின் மரம் நன்றாக அமைந்தது. துரையின் கொட்டகையில் தணலின்மேல் குச்சிகளைத் திருப்பித் திருப்பி வாட்டியபோது, வறுத்த காப்பிக்கொட்டை நிறம் ஏறி, தேங்காயை வெல்லப்பாகில் கிளறுவது போன்ற மணம் வந்தது. அம்மணத்தில் நான் மகிழ்ந்தேன். அண்டாவை அன்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.

ராம நவமியன்று விடியுமுன் சமையற்காரர் அண்டாவை எடுத்துப்போனார். தாம் கட்டிய முடிச்சு தாம் கட்டியபடியே இருந்ததால், அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் அடியை ஆராய அவருக்குக் காரணமில்லை. தண்ணீர் விட்டு அலம்பி, புளி கரைத்து ஊற்றிவிட்டார். அவரும் என்னை நம்பினார் என்பதே இதன் பொருள்.

பந்தியில் ரசம் வந்தபோது நான் இலையைக் கையால் மறைத்தேன். எனக்கு எதிரே இருந்தவர் ஒரு கம்பெனியில் கணக்கர். எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர்.

“என்ன ஓய், ஆத்துக்காரி ஊருக்குப் போனா ரசங்கூடக் கசந்துடுமா?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் மறுத்தது களிம்புக்குப் பயந்தா, இறைச்சியின் தீட்டுக்குப் பயந்தா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. எதற்காயினும், என்னை மட்டும் காத்துக்கொண்டேன்.

மாலைக்குள் வீட்டுக்கு வீடு வாந்தி. கணக்கரின் மனைவி இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. உயிருக்கு ஒன்றும் நேரவில்லை என்பது என் நற்செயலால் அன்று.

மூன்றாம் நாள் கணக்கர் வீட்டில் கூடினோம். அண்டா நடுவில் கவிழ்க்காமல் வைக்கப்பட்டிருந்தது. பச்சைக் களிம்பு வளையமிட்டிருந்தது.

“ஈயம் பூசினேன்னு சொன்னீரே, எங்கே ஓய் ஈயம்?” என்றார் கணக்கர்.

“என் கண்ணெதிரே பூசினான் மாமா. ராமன் சத்தியமா.”

“ராமனை இழுக்காதேயும். அவன் சாப்பாட்டிலேதான் விஷம் வெச்சீர்.”

சமையற்காரர் அண்டாவைத் தடவிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு முகம் தெளிந்து என் பக்கம் திரும்பினார்.

“அண்ணா பாத்தார் மாமா. கொண்டு வெச்ச அன்னிக்கு அண்ணாவும் நானுமா உள்ளே பாத்தோம். அவரைக் கேளுங்கோ, சொல்லுவார்.”

அவர் குரலில் இருந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவருக்கு அப்போது வேண்டியிருந்தது நான்கு சொற்கள். ஆனால் ஈயம் இருந்தது என்று சொன்னால், அது பின் எப்படிப் போயிற்று என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னால் மரம் வரும், துரை வருவார், மாட்டிறைச்சி வரும். அந்தக் கூடத்தில் அதற்குப் பின் எனக்கு இலை போடமாட்டார்கள். துரையின் பெயர் வெளிப்பட்டால் நாற்காலியும் போகும்.

“துணி கட்டித்தான் கொண்டு வந்தார். நான் திறந்து பார்க்கலை” என்றேன்.

கணக்கர் தலையை ஆட்டினார். “அவரே சொல்லிட்டார். இனிமே என்ன?”

சமையற்காரர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அதற்குப் பின் எங்கள் வீடுகளில் எவரும் அவரைச் சமைக்க அழைக்கவில்லை. சமையல் கெட்டதற்காக அன்று. சமையல் எவருக்கும் கெடலாம் என்றும், இறைவன் பெயரால் பொய்ச்சத்தியம் செய்பவரை அடுக்களையில் விட முடியாது என்றும் பேசிக்கொண்டார்கள்.

சில நாள் கழித்து ஒரு மாலைப்பொழுதில் அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ரங்கூனுக்குப் போறேன் அண்ணா. அங்கே ஒரு செட்டியார் வீட்டிலே வரச்சொல்லியிருக்கா.”

“நல்லது ஓய். போய்ட்டு வாரும்.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க யாருக்கும் சொல்ல வேண்டாம். எங்கிட்ட மட்டும் சொல்லுங்கோ போதும்.” அவர் குரல் தாழ்ந்தது. “நாலு நாளா எனக்கே சந்தேகமா இருக்கு. நெஜமாவே பூசினானா, இல்லே வேற எந்தப் பாத்திரத்தையாவது பாத்துட்டுப் பேசறேனான்னு. அன்னிக்கு மூக்கைப் பத்திச் சிரிச்சோமே அண்ணா. சிரிச்சோமா இல்லையா?”

அவ்வறையில் எங்கள் இருவரைத் தவிர எவருமில்லை. அவர் கேட்டது தம் பெயரைக்கூட அன்று, தம் நினைவை மட்டுமே. அதைத் திருப்பிக் கொடுப்பதில் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆயினும், ஒருவரிடம் ஒப்புக்கொண்டது ஊருக்கே போய்விடுமோ என்ற அச்சம் என் நாவைத் திருப்பியது.

“எனக்கு ஞாபகமில்லை ஓய்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததில் அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் வந்தபோது இருந்த குழப்பம் அவர் முகத்தில் இல்லை. “சரி அண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதே மாதம் நான் பெரிய பாபுவானேன். மழைக்காலம் கழிந்ததும் துரை ஒரு புட்டியை என்னிடம் நீட்டினார். தேன் நிறத்தில் இருந்தது. “உம்முடைய மரம், பாபு” என்றார். வணங்கி மறுத்துவிட்டேன். ஒரு துளி மதுவும் தொட்டதில்லை என்று அதன் பின் பல சபைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது பொய்யன்று.

இருபது ஆண்டுகள் சென்றன. என் தலைமகன் கல்லூரி மாணவன். மற்றொரு ராம நவமிப் பந்தியில், ஒரு வங்கியில் வேலைக்குப் புதிதாக வந்த இளைஞர்களிடம் கணக்கர் பழங்கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்த நாள்லே ஒரு சமையக்காரன் இருந்தான். ஈயமே பூசாம, பூசினேன் பூசினேன்னு ராமன் மேலே சத்தியம் பண்ணினான். எல்லாரையும் வாந்தியெடுக்க வெச்சுட்டு ரங்கூனுக்குக் கம்பி நீட்டிட்டான்.”

இளைஞர்கள் சிரித்தார்கள். என்னால் அன்று பொறுக்க முடியவில்லை.

“ஈயம் பூசித்தான் இருந்தது. நான் என் கண்ணால பார்த்தேன்” என்றேன்.

கணக்கர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தேளாடா? இதுதான் பெரிய மனுஷத்தனம். ஓடிப்போன ஒரு சமையக்காரனைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேங்கறார். ஓய், உம்மை மாதிரி மனசு யாருக்கு வரும்?”

ஆங்காங்கே ஆமோதிக்கும் குரல்கள் எழுந்தன. என் மகன் பெருமையோடு என்னைப் பார்த்தான்.

“இல்லை, நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சு…” என்று தொடங்கினேன்.

“எதை மாமா தேய்ச்சேள்?” என்று ஓர் இளைஞர் மரியாதையாகக் கேட்டார்.

அடுத்த இலையில் மகன் இருந்தான். ரசவாளியும் அருகே வந்துவிட்டது. “ஒண்ணுமில்லை” என்றேன். சோற்றில் குழி செய்து ரசத்தை வாங்கிக்கொண்டேன்.

அவ்விளைஞருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். ரங்கூனுக்குப் போனவர் இன்று இருக்கிறாரா என்பதை நான் அறியேன். அவருக்கு மக்கள் இருந்து, இது அவர்கள் கையில் கிடைக்குமானால், அவர் கேட்டதற்கும் விடை இதுவே. நாம் இருவரும் குனிந்து பார்த்தோம். மூக்கைப் பற்றிச் சிரித்தோம். அண்டாவில் ஈயம் இருந்தது.